ஸ்விட்ச் 2-க்கு மாறுவதா, ஓஎல்இடியிலேயே இருப்பதா, ஸ்டீம் டெக்குக்குப் போவதா?

என் அக்கா வீட்டில் நிண்டெண்டோ ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது: கையில் பிடித்தும் தொலைக்காட்சியோடு இணைத்தும் ஆடும் கேம் கருவி, அதிலும் ஓஎல்இடி திரை கொண்ட மாதிரி. அதை ஆடுபவர்கள் இருவர்: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகன் ஒருவன், அவன் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஆடும் அத்தான் இன்னொருவர். "மாமா, ஸ்விட்ச் 2-க்கு மாறிடலாமா? பழசைக் கொடுத்தா பாதிக் காசு வந்துடும்ல?" என்று பையன் கேட்டபோது எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அலுவலக நண்பர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்திருந்த ஸ்விட்ச் 2-ஐ மூன்று வாரம் இரவல் வாங்கி, அக்கா வீட்டுக் கருவியையும் கணினி கேம்களை ஓட்டும் கையடக்கக் கருவியான, என்னிடம் முன்பே இருந்த ஸ்டீம் டெக் ஓஎல்இடியையும் அதன் பக்கத்தில் வைத்து ஆடிப் பார்த்தேன். கீழே இருப்பது அந்த மூன்று வாரத்தில் நான் வந்து சேர்ந்த முடிவும் அதற்கான காரணங்களும்.

வேகத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. பழைய ஸ்விட்சில் 4 ஜிபி நினைவகம். 2025 ஜூன் 5 அன்று வெளிவந்த ஸ்விட்ச் 2-இல் 12 ஜிபி. உள் சேமிப்பு ஓஎல்இடியில் 64 ஜிபி. புதியதில் 256 ஜிபி. பழைய கருவியில் மூச்சுத் திணறிய கேம்கள் புதியதில் தடுமாறாமல் ஓடுகின்றன. போகிமான் ஸ்கார்லெட், வயலெட் இரண்டும் இலவசப் புதுப்பிப்புக்குப் பிறகு முற்றிலும் வேறு கேம்கள் போலவே தெரிகின்றன. வேகம் மட்டுமே கணக்கென்றால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. ஆனால் கையில் பிடித்து ஆடும் கருவியை மாற்றும்போது நம்மை எரிச்சலூட்டுபவை எப்போதும் எடை, திரை, இடுக்கு, கொக்கி, சார்ஜர் போன்ற சின்னச் சின்ன விஷயங்கள்தாம். அவை பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவதில்லை; வாங்கி வந்த இரண்டாம் நாள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

முதலில் எடை. ஓஎல்இடி ஸ்விட்ச், இரு பக்கமும் ஜாய்-கான் எனப்படும் கழற்றி மாட்டும் கைப்பிடிகளை மாட்டிய நிலையில், ஏறத்தாழ 420 கிராம். ஸ்விட்ச் 2 அதே நிலையில் 534 கிராம். நூற்றுச் சொச்சம் கிராம்தானே என்று தோன்றும். அரைக்கிலோ சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு, பாயில் மல்லாந்து படுத்து, முகத்துக்கு நேராக இரு கையாலும் கால் மணி நேரம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அந்த வித்தியாசம் மணிக்கட்டுக்குப் புரியும். எடை கூடியதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. அகலம் 242 மில்லிமீட்டரிலிருந்து 272 ஆக வளர்ந்திருக்கிறது, உயரம் 102-இலிருந்து 116 ஆகியிருக்கிறது, ஆனால் தடிமன் மட்டும் அன்றும் இன்றும் அதே 13.9 மில்லிமீட்டர். பார்வைக்கு இது அழகு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கனமும் நீளமும் கூடிய ஒரு பலகையை அதே மெல்லிய விளிம்பில் பிடிக்க வேண்டியிருப்பதால், விரல்கள் இறுக்கிப் பிடித்தே பழக வேண்டியிருக்கிறது. ஸ்டீம் டெக் ஓஎல்இடி 640 கிராம். மூன்றிலும் கனமானது அதுதான். இருந்தும், அதன் இரு பக்கமும் உள்ளங்கைக்குள் அடங்கும்படி புடைத்திருப்பதால், உட்கார்ந்து ஆடும்போது ஸ்விட்ச் 2-ஐவிட அது இலகுவாகவே தோன்றுகிறது. படுத்துக்கொண்டு ஆடினால் மட்டும் கனம் தன் வேலையைக் காட்டிவிடும். நான் தலையணையின் மேல் நிறுத்தித்தான் ஆடுகிறேன்.

அடுத்தது திரை. மாறுவோருக்கு மிகப்பெரிய ஏமாற்றம் இங்கேதான் காத்திருக்கிறது. அதுவும் எல்லோருக்கும் அல்ல, ஓஎல்இடியிலிருந்து வருவோருக்கு மட்டும். ஸ்விட்ச் 2-இன் 7.9 அங்குலத் திரை 1080 வரி நுணுக்கம் கொண்டது. நொடிக்கு 120 முறை வரை புதுப்பித்துக்கொள்ளும். ஓஎல்இடி மாதிரியின் 7 அங்குலத் திரைக்கு 720 வரிதான். எண்களில் புதியது எங்கேயோ நிற்கிறது. ஆனால் புதியது எல்சிடி. ஓஎல்இடியில் கறுப்பாக இருக்க வேண்டிய புள்ளி அணைந்தே போய்விடுவதால் கறுப்பு கறுப்பாக இருக்கும். எல்சிடியில் பின்னால் எப்போதும் விளக்கு எரிந்துகொண்டிருப்பதால் கறுப்பு சாம்பலாக வெளுக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரே குகைக் காட்சியை இரண்டு கருவிகளிலும் ஓடவிட்டுப் பார்த்தேன். பழையதில் தீவட்டியின் வெளிச்சம் எட்டாத மூலை அறையின் இருட்டோடு கலந்துபோயிற்று. புதியதில் அந்த மூலை முழுவதும் சாம்பல் பூசியதுபோல் கிடந்தது. அத்தான் இருட்டில் ஆடுபவர். அவரிடம் இரண்டையும் காட்டியபோது, எது புதியது என்று சொல்லாமலே பழையதைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இதோடு ஒரு கணக்குச் சிக்கலும் சேர்கிறது. பழைய கேம்களில் பெரும்பாலானவை கையில் பிடித்து ஆடும்போது 720 வரிகளுக்கு என்று வரையப்பட்டவை. 720-ஐ 1080 ஆக்க ஒன்றரையால் பெருக்க வேண்டும். ஒரு புள்ளியை இரண்டாக விரித்தால் கணக்கு நேராக முடியும். ஒன்றரையாக விரிக்கும்போது அந்த அரைப் புள்ளியை அக்கம்பக்கத்து நிறங்களைக் கலந்துதான் நிரப்பியாக வேண்டும். அதனால்தான் ஸ்விட்ச் 2 வெளிவந்த நாளில், தனிப் புதுப்பிப்பு எதுவும் பெறாத பழைய கேம்கள் பெரிய திரையில் சற்றே மெழுகினாற்போலத் தெரிந்தன. சிறிய எழுத்துகள் நிறைந்த கேம்களில் இது உடனே கண்ணில் பட்டது. புதுப்பிப்பு பெற்ற கேம்களுக்கு இந்தக் குறை இல்லை. ஆகவே வாங்குமுன் உங்கள் அலமாரியில் உள்ள கேம்களில் எத்தனைக்குப் புதுப்பிப்பு வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. 2017-இல் வந்த முதல் ஸ்விட்சிலிருந்து மாறுபவருக்கு இந்தப் பேச்சே பொருந்தாது, அந்த 6.2 அங்குல எல்சிடியிலிருந்து வருபவர் எந்தப் பக்கம் பார்த்தாலும் மேலேதான் ஏறுகிறார்.

ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பிடுங்குவது கையடக்கக் கருவிகளின் பழைய வழக்கம். 2001-இல் வந்த நிண்டெண்டோவின் கேம் பாய் அட்வான்சின் திரைக்கு விளக்கே கிடையாது. ஜன்னலோரம் போய் உட்கார்ந்து ஆட வேண்டும். 2003-இல் வந்த அதன் எஸ்பி மாதிரி விளக்கைக் கொடுத்தது, ஹெட்ஃபோன் துளையை எடுத்துக்கொண்டது. இசை கேட்கத் தனியாக ஓர் இணைப்பான் வாங்க வேண்டியிருந்தது. 2008-இல் அதே நிறுவனத்தின் டிஎஸ்ஐ கேமராக்களைக் கொடுத்துவிட்டு, பழைய அட்வான்ஸ் கேம்களைச் செருகும் இடுக்கை மூடியது. சோனியும் சளைத்ததல்ல. 2009-இன் பிஎஸ்பி கோ வட்டுகளையே கைவிட்டது. ஏற்கெனவே வட்டுகளை வாங்கி அடுக்கியிருந்தவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்கள். அடுத்து வந்த வீட்டாவின் முதல் மாதிரி 5 அங்குல ஓஎல்இடி திரையோடு வந்தது; 2013-இல் வந்த இரண்டாம் மாதிரி மெலிந்தது, எடை குறைந்தது, ஊரில் எல்லோரிடமும் இருந்த மைக்ரோ யூஎஸ்பி சார்ஜரை ஏற்றுக்கொண்டது, கூடவே ஓஎல்இடியை எல்சிடியாக மாற்றிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே விவாதத்தை இன்னொரு நிறுவனத்தின் கருவியை வைத்து மறுபடியும் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

ஜாய்-கான்களுக்கு வருவோம். பழையதில் அவற்றைத் தண்டவாளத்தில் வழுக்கிவிடுவதுபோல மேலிருந்து கீழே தள்ள வேண்டும். கடைசியில் ஒரு 'டக்'. கழற்றும்போது பின்னாலுள்ள சிறிய வட்டப் பொத்தானை அழுத்திக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். நாளாக நாளாக அந்தத் தண்டவாளம் கொஞ்சம் ஆட்டம் காணும். ஸ்விட்ச் 2-இல் காந்தம். பக்கத்தில் கொண்டுபோனால் போதும், தானாகவே போய் ஒட்டிக்கொள்கிறது. கழற்றுவதற்குப் பின்புறத்தில் விசைக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான். பையன் முதல் பத்து நிமிடம் கேமே ஆடவில்லை. ஒட்டுவதும் கழற்றுவதுமாகவே இருந்தான். இந்த ஒன்றில் புதிய வடிவமைப்பைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கழற்றிய பிறகு கருவியின் பக்கவாட்டில் ஒரு சின்ன இணைப்பு முனை வெளியே நீட்டிக்கொண்டிருப்பது மட்டும் கொஞ்சம் பயமாக இருக்கிறது. கழற்றிய நிலையில் அதைப் பைக்குள் போடாமல் இருப்பது நலம்.

ஆனால் கட்டைவிரலால் தள்ளித் திசை காட்டும் ஸ்டிக்குகள்? முதல் ஸ்விட்சின் பெரிய தலைவலி அதுதான். கையை எடுத்த பின்னும் திரையில் ஆள் தானாக நகர்வதை டிரிஃப்ட் என்கிறார்கள். ஸ்டிக்குக்கு அடியில் கரிப்பூச்சுத் தடம் ஒன்றின்மேல் ஓர் உலோகத் தொடுமுனை உரசிக்கொண்டு நகர்கிறது. அது எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் கருவி திசையைக் கணிக்கிறது. உரச உரசத் தடம் தேய்கிறது, தூசி சேர்கிறது, கணிப்பு பிழைக்கிறது. 2020-இல் நிண்டெண்டோவின் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா பங்குதாரர் கூட்டத்தில் இந்தச் சிக்கலுக்காக வருத்தம் தெரிவித்தார். 2023-இல் ஐரோப்பிய ஆணையத்தின் தலையீட்டுக்குப் பிறகு, ஐரோப்பாவில் உத்தரவாதக் காலம் முடிந்த ஜாய்-கான்களின் டிரிஃப்டையும் இலவசமாகச் சரிசெய்து தருவதாக அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. இவ்வளவுக்கும் பிறகு, உரசலே இல்லாமல் காந்தப்புலத்தை அளந்து திசையறியும் ஹால் வகை ஸ்டிக் புதியதில் வரும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. ஜாய்-கான் 2-இன் ஸ்டிக் அளவில் பெரியது, அசைவில் வழவழப்பானது, ஆனால் அடியில் இருப்பது அதே உரசும் முறைதான் என்பது பிரித்துப் பார்த்தவர்கள் மூலம் தெரிந்தது. புதிய ஸ்டிக் பழையதைப்போல விரைவில் தேயும் என்று நான் சொல்லவில்லை. அதைக் காலம்தான் காட்டும். காரணம் தெரிந்த ஒரு நோய்க்கு, மருந்தும் தெரிந்த பிறகு, அதை எடுத்துக்கொள்ளாமல் விட்டதுதான் உறுத்துகிறது. நியாயமாகச் சொன்னால், ஸ்டீம் டெக்கின் ஸ்டிக்கும் உரசும் வகைதான். வேறுபாடு எங்கே என்றால், அது தனித் தொகுதியாகச் சில திருகுகளில் நிற்கிறது. தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி, வேண்டுமானால் ஹால் வகையாகவே வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

இனி, கருவி மாறும்போது பெட்டியோடு கூட மாறும் துணைப்பொருட்கள். பட்ஜெட்டில் ஓட்டை விழுவது இங்கேதான். கருவியைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் தாங்கியான பழைய டாக் புதிய கருவிக்கு உதவாது. பழைய சார்ஜர் ஸ்விட்ச் 2-க்குச் சார்ஜ் ஏற்றும், ஆனால் அதைப் புதிய டாக்கில் செருகித் தொலைக்காட்சியில் ஆட முடியாது. டாக்குக்கு அதைவிட அதிகத் திறன் தேவை. பழைய ஜாய்-கான்களைக் கருவியின் பக்கத்தில் மாட்ட முடியாது, கம்பியில்லாமல் இணைத்து ஆடலாம். தூக்கி எறிந்துவிடாதீர்கள்: பழைய வலது ஜாய்-கானில் இருந்த அகச்சிவப்புக் கேமரா புதியதில் இல்லாததால், அதைக் கேட்கும் சில கேம் பகுதிகளுக்குப் பழையதே வேண்டும். உறை, திரைக் கண்ணாடி, பயணப் பெட்டி எல்லாமே அளவு மாறிவிட்டதால் புதிதாக வாங்க வேண்டியவை.

இவற்றில் மிகவும் ஏமாற்றுவது மெமரி கார்டு. ஸ்விட்ச் 2, கேம்களைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புதிய வகைக் கார்டை மட்டுமே ஏற்கிறது. பழைய கார்டைச் செருகினால் அதிலுள்ள படங்களையும் வீடியோக்களையும் எடுத்துக்கொள்ளலாம். கேம் ஒன்றுகூட அதிலிருந்து ஓடாது. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. பழைய இடுக்கின் உச்ச வேகம் நொடிக்கு 104 மெகாபைட். எக்ஸ்பிரஸ் வகை ஏட்டளவில் அதைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் போகும், புதிய கேம்கள் அந்த வேகத்தை நம்பியே எழுதப்படுகின்றன. இந்தக் காரணத்தை நான் ஏற்கிறேன். ஏற்க முடியாதது, இரண்டு கார்டுகளும் அளவில், வடிவில், நிறத்தில் அச்சாக ஒன்றுபோல இருப்பது. ஒரு கடையில் "ஸ்விட்ச் 2-க்குக் கார்டு வேண்டும்" என்று நான் கேட்டபோது, கடைக்காரர் தயங்காமல் எடுத்து நீட்டியது சாதாரணக் கார்டு. "எல்லாம் ஒண்ணுதான் சார், சைஸ் சேம்" என்றார். கார்டைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்க்க வேண்டும்: சாதாரணக் கார்டில் பொன்னிறத் தொடுமுனைகள் ஒரே வரிசையில் இருக்கும், எக்ஸ்பிரஸில் அதற்குக் கீழே இன்னொரு வரிசை இருக்கும். விலையோ ஒரே கொள்ளளவுக்கு இரண்டு மூன்று மடங்கு. பையனிடம் ஏற்கெனவே 256 ஜிபி கார்டு ஒன்று, பாதி நிரம்பிய நிலையில் இருக்கிறது. ஸ்டீம் டெக்குக்குப் போனால் அதை அழித்துவிட்டு அப்படியே பயன்படுத்தலாம். ஸ்விட்ச் 2-க்குப் போனால் அது மேசை இழுப்பறைக்குத்தான் போகும்.

கேம் கார்டுகளிலும் ஒரு திருப்பம் வந்திருக்கிறது. பழைய ஸ்விட்ச் கார்டுகள், மிகச் சிலவற்றைத் தவிர, புதியதில் ஓடுகின்றன. இது பெரிய நிம்மதி. ஆனால் புதிதாக வரும் கேம்களில் ஒரு பகுதி 'கேம்-கீ கார்டு' என்ற வடிவில் விற்கப்படுகிறது. பெட்டி உண்டு, கார்டு உண்டு, ஆனால் கார்டுக்குள் கேம் இல்லை. அது ஒரு சாவி மட்டும். செருகியதும் கேம் முழுவதையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இறக்கிய பின்னும் ஆடுவதற்குக் கார்டு உள்ளே இருந்தாக வேண்டும். இணையமும் வேண்டும், இடமும் வேண்டும், கார்டும் வேண்டும்: மூன்று ஏற்பாடுகளின் தொல்லைகளையும் ஒருசேரத் திரட்டியதுபோல இருக்கிறது. எல்லாக் கேம்களும் அப்படியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கேமே 64 ஜிபி கார்டில் முழுமையாக வந்திருக்கிறது. பெட்டியின் முன்பக்கத்தில் அடியில் எச்சரிக்கைப் பட்டை இருக்கும். இரண்டாம் கை விற்பனைக்குச் சாவிக் கார்டு தோதானது, கைமாற்றினாலும் வேலை செய்யும். இருபது ஆண்டு கழித்து எடுத்துப் பார்க்கலாம் என்று சேர்த்து வைப்பவருக்குத்தான் அது உதவாது.

குறைகளை மட்டுமே அடுக்குவதாகத் தோன்றினால், ஸ்விட்ச் 2-இல் நான் மிகவும் விரும்பிய மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். அது கருவியின் தலையில் உள்ள இரண்டாவது யூஎஸ்பி-சி துளை. பழைய ஸ்விட்சைக் காலூன்றி மேசையில் நிறுத்திவிட்டால் சார்ஜ் போட முடியாது. துளை அடியில் இருக்கிறது. மேசையில் நிறுத்தி ஆடுவதற்கென்றே விளம்பரப்படுத்தப்பட்ட கருவியில் இப்படி ஒரு குறையை எட்டு ஆண்டுகள் சுமந்தோம். 2021-இன் ஓஎல்இடி மாதிரி நல்ல அகலமான காலைக் கொடுத்ததே தவிர, துளையை நகர்த்தவில்லை. இப்போது மேலே செருகிக்கொண்டு ஆடலாம். காலும் வேண்டிய கோணத்தில் நிற்கிறது. மேலே துளை வந்தது இன்னொரு காரணத்துக்காகவும் நல்லது: பேட்டரி 4,310-இலிருந்து 5,220 மில்லி ஆம்பியர் மணியாகப் பெருத்திருந்தும், நிறுவனமே சொல்லும் கணக்கில் ஆடும் நேரம் ஓஎல்இடியின் 4.5 முதல் 9 மணியிலிருந்து 2 முதல் 6.5 மணியாகக் குறைந்திருக்கிறது. கனமான கேம் ஒன்றை ஆடிக்கொண்டு சென்னையிலிருந்து ரயில் ஏறினால் விழுப்புரம் தாண்டியதும் சார்ஜரைத் தேட வேண்டியிருக்கும். ஜாய்-கானைப் பக்கவாட்டில் மேசையில் வைத்து மௌசாக நகர்த்தும் வசதியும் உண்டு; ஐந்து நிமிடம் வியந்தேன், பிறகு தொடவில்லை.

பழுதுபார்ப்பைப் பொறுத்தவரை, கருவிகள் எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கத் தக்கவை என்று மதிப்பிடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் ஸ்விட்ச் 2-ஐப் பிரித்துப் பார்த்து, பத்துக்கு மூன்று மதிப்பெண்தான் கொடுத்தது. பேட்டரி பலமான பசையால் ஒட்டப்பட்டிருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். திரையின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தைப் புதுக் கைப்பேசியின் பாதுகாப்புத் தாள் என்று நினைத்து உரித்துவிட வேண்டாம்; கண்ணாடி உடைந்தால் சில்லுகள் சிதறாமல் தடுக்க ஒட்டப்பட்டது அது. பையனின் விரல் அதன் ஓரத்தை நோக்கிப் போனதை நான் பார்த்த நேரம் நல்ல நேரம். இரவல் வாங்கிய பொருள்.

ஸ்டீம் டெக் இதில் வேறு குணம். 2023 நவம்பரில் வந்த அதன் ஓஎல்இடி மாதிரியைத் திருகுகளைக் கழற்றித் திறக்கலாம், உதிரிப் பாகங்களைத் தனியாக வாங்கலாம். 7.4 அங்குல ஓஎல்இடி, நொடிக்கு 90 முறை வரை புதுப்பித்துக்கொள்ளும். கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் தள்ளுபடிக் காலத்தில் கேம்கள் கிடைக்கும் விலை, நிண்டெண்டோ கேம்களைக் காசு கொடுத்து வாங்கிப் பழகியவரை வாயடைக்க வைக்கும். பிறகு ஏன் எல்லோருக்கும் அதையே சொல்லவில்லை? மரியோ போன்ற நிண்டெண்டோ கேம்கள் அங்கே இல்லை. பையன் கேட்பதே அதைத்தான். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படையில் ஓடுவதால், ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் கொண்ட சில இணைய விளையாட்டுகள் அதில் திறக்கவே மாட்டா. 298 மில்லிமீட்டர் நீளமும் புடைத்த பிடிகளும் கொண்ட அது, பள்ளிப் பைக்குள் டிபன் பாக்ஸோடு போட்டி போடும். அமைப்புகளுக்குள் புகுந்து நோண்டுவதை ஒரு சுகமாக நினைப்பவருக்கு அது ஏற்ற கருவி. செருகினால் ஓட வேண்டும் என்பவருக்கு அல்ல.

வாங்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நிண்டெண்டோ இந்தியாவில் தன் கருவிகளை நேரடியாக விற்பதில்லை. ஸ்டீம் டெக்கும் அப்படித்தான். இங்கே கடைகளில் கிடைப்பவை இறக்குமதியாளர்கள் கொண்டு வருபவை. உத்தரவாதம் என்பது பெரும்பாலும் அந்தக் கடையின் வாய்மொழிதான். எனவே பழுது வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியில், மேலே சொன்ன பசை ஒட்டிய பேட்டரிக்கும் ஸ்டிக்குக்கும் இங்கே கூடுதல் முக்கியத்துவம் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் உறவினரை வாங்கி வரச் சொல்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஜப்பானில் 49,980 யென்னுக்கு விற்பனைக்கு வந்த மலிவான ஸ்விட்ச் 2, ஜப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும். ஜப்பான் என்று பதிவான நிண்டெண்டோ கணக்கை மட்டுமே ஏற்கும். பல மொழிகளில் இயங்கும் மாதிரியின் அன்றைய விலை 69,980 யென். விலை குறைவு என்று மகிழ்ந்து முதலாவதை வாங்கி வந்துவிட்டால், அதை இங்கே யாரிடமும் தள்ளிவிடவும் முடியாது.

காத்திருப்பது என்பதும் ஒரு தேர்வுதான். முதல் ஸ்விட்ச் 2017 மார்ச்சில் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 2019-இல், அதே தோற்றத்தில் அதிக நேரம் தாங்கும் பேட்டரி மாதிரி ஒன்று சந்தடியில்லாமல் கடைக்கு வந்தது. 2021-இல் ஓஎல்இடி வந்தது. ஸ்விட்ச் 2-க்கும் இதே வரிசை திரும்பும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற வழியிருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வருகிறது. பசை ஒட்டிய பேட்டரியோடு அங்கே விற்றுக்கொண்டிருக்கும் எந்த நிறுவனத்துக்கும் அது ஒரு நெருக்கடிதான்.

இத்தனையையும் வைத்துக்கொண்டு யார் எதை வாங்கலாம் என்று கேட்டால், 2017 அல்லது 2019 மாதிரியை வைத்துக்கொண்டு பெரும்பாலும் தொலைக்காட்சியில் ஆடுபவர் தயங்காமல் ஸ்விட்ச் 2 வாங்கலாம். டாக்கில் வைத்தால் படம் 4கே வரை போகும், எடையும் கறுப்பின் சாம்பலும் அவருக்குப் பொருட்டே அல்ல. ஓஎல்இடி வைத்திருந்து, பெரும்பாலும் கையில் பிடித்து, அதுவும் இரவில் ஆடுபவர் மாறினால் பணம் கொடுத்துத் திரையில் ஒரு படி இறங்குகிறார். புதியதில் மட்டுமே வரும் ஒரு கேம் அவரைத் தூங்கவிடாமல் செய்தாலொழிய அவர் காத்திருக்கலாம். நிண்டெண்டோ கேம்கள் மேல் பெரிய பற்று இல்லாமல், கருவியை ஐந்தாறு ஆண்டு பழுதுபார்த்து ஓட்ட நினைப்பவருக்கு ஸ்டீம் டெக்.

அக்கா வீட்டுக் கணக்கு இவற்றில் எதிலும் நேராக அடங்கவில்லை. ஏனென்றால் ஆடுபவர்கள் இருவர். பையன் கூடத்தில் பெரிய திரையில், அத்தான் படுக்கையறையில் இருட்டில். அதனால் பழையதை விற்கும் யோசனையைத்தான் நான் முதலில் தடுத்தேன். வாங்குவதானால் புதியது டாக்கோடு பையனுக்குக் கூடத்தில், ஓஎல்இடி அத்தானுக்கு. இணையத்தில் வாங்கிய கேம்களை இரண்டு கருவிகளுக்கும் இடையே மாற்றி மாற்றி ஏற்றிக்கொள்ளும் வசதி 2025 ஏப்ரல் புதுப்பிப்பிலேயே வந்துவிட்டது; முதல் முறை மட்டும் இரண்டையும் அருகருகே வைத்து இணைத்தால் போதும். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப பழசைக் கொடுத்துப் பாதிக் காசு வரும்னு சொன்னதெல்லாம்?" என்றாள். பையன் என்னைப் பார்த்தான். அரையாண்டுத் தேர்வு முடியட்டும், எக்ஸ்பிரஸ் கார்டின் விலையையும் சேர்த்து மறுபடி கணக்குப் போடுவோம் என்று சொல்லிவிட்டு, நண்பரின் கருவியைத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டேன்.